எஸ்கியூஎல் சர்வர் 2022-க்கு மாறுவது எப்படி: வேகம் குறையாமல், புது வசதிகளை வீணாக்காமல்

எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 2014 பதிப்புக்கான மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2024 ஜூலையில் முடிந்தது. 2016-க்கு 2026 ஜூலை 14 கடைசி நாள். இந்தத் தேதிகளை வைத்தே பல அலுவலகங்கள் 2022 பதிப்புக்கு மாறுகின்றன. மாறிய பிறகு டி.பி.ஏ.க்களிடம் (டேட்டாபேஸ் நிர்வாகிகளிடம்) வரும் புகார்கள் இரண்டு வகை. ஒன்று, "புது சர்வர், கூடுதல் கோர், கூடுதல் மெமரி, ஆனால் எதுவுமே வேகமாகவில்லையே." இன்னொன்று, "நேற்றுவரை 4 விநாடியில் வந்த ரிப்போர்ட் இன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது." இரண்டின் பின்னாலும் பெரும்பாலும் ஒரே விஷயம்தான் இருக்கும்: காம்பாட்டிபிலிட்டி லெவல் என்கிற ஓர் எண்.

2012-க்கு 110, 2014-க்கு 120, 2016-க்கு 130, 2017-க்கு 140, 2019-க்கு 150, 2022-க்கு 160. பழைய சர்வரில் எடுத்த பேக்கப்பை 2022-இல் ரீஸ்டோர் செய்தால் அந்த டேட்டாபேஸ் தன் பழைய எண்ணோடுதான் வந்து உட்காரும். என்ஜின் புதிது, ஆனால் க்வெரியை எப்படி ஓட்டுவது என்று திட்டமிடும் க்வெரி ஆப்டிமைசர் பழைய பதிப்பைப் போலவே முடிவெடுக்கும். அதனால்தான் முதல் வகைப் புகார். எண்ணை ஒரே அடியாக 160-க்கு ஏற்றினால் ஆப்டிமைசரின் கணக்கே மாறும். நூற்றுக்கணக்கான க்வெரிகளுக்குப் பிளான் (ஓடும் வழி) மாறி, பல வேகமாகும், சில படுத்துவிடும். இரண்டாவது புகார் அங்கிருந்து வருகிறது.

ஆகவே பதிப்பை மாற்றுவதையும் எண்ணை மாற்றுவதையும் இரண்டு தனி வேலைகளாக வையுங்கள். இடையில் சில வாரங்கள் இருக்கட்டும். அந்த இடைவெளியில், க்வெரிகளின் பிளானையும் வேகத்தையும் பதிந்துவைக்கும் க்வெரி ஸ்டோர் தரவு சேர்க்கட்டும். இந்த வழிகாட்டியில் மற்ற எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

எந்த வசதி எந்த எண்ணைக் கேட்கிறது

140 இருந்தால் பேட்ச் மோடில் (ரெக்கார்டுகளைத் தொகுதியாகக் கையாளும் முறை) ஓடும் க்வெரிகளுக்கு மெமரி கிராண்ட் ஃபீட்பேக் (ஒதுக்கும் மெமரியை முந்தைய ஓட்டத்தைப் பார்த்துத் திருத்துவது), அடாப்டிவ் ஜாயின் (ஜாயின் முறையை ஓடும்போதே தேர்வது) இரண்டும் கிடைக்கும். 150-இல் ரோ மோடுக்கும் (ஒவ்வொரு ரெக்கார்டாகக் கையாளும் முறை) மெமரி கிராண்ட் ஃபீட்பேக், டேபிள் வேரியபிளுக்கான டிஃபர்டு கம்பைலேஷன், ஸ்கேலார் ஃபங்ஷன் இன்லைனிங், காலம்ஸ்டோர் இண்டெக்ஸ் இல்லாமலே பேட்ச் மோடு. 160-இல் பாராமீட்டர் சென்சிட்டிவ் பிளான் (பி.எஸ்.பி.), சி.இ. (கார்டினாலிட்டி எஸ்டிமேட்டர், எத்தனை ரெக்கார்டு வரும் என்று மதிப்பிடுவது) ஃபீட்பேக், டி.ஓ.பி. (ஒரு க்வெரி எத்தனை பங்காகப் பேரலலாக ஓடலாம் என்ற அளவு) ஃபீட்பேக். நீங்கள் 130-இலிருந்து வருகிறீர்கள் என்றால் 2017, 2019, 2022 மூன்றின் மாற்றங்களும் ஒரே நாளில் இறங்குகின்றன என்று பொருள்.

எண்ணோடு சம்பந்தமே இல்லாமல் கிடைப்பவையும் உண்டு: டெம்ப்டிபி (தற்காலிகத் தரவுக்கான சிஸ்டம் டேட்டாபேஸ்) மேம்பாடுகள், ஆக்ஸிலரேட்டட் டேட்டாபேஸ் ரெக்கவரி, க்வெரி ஸ்டோர் ஹிண்ட் ஆகியவை. கிரேட்டஸ்ட், லீஸ்ட் ஃபங்ஷன்களும் எந்த எண்ணிலும் ஓடும். ஜெனரேட்_சீரீஸ், விண்டோ கிளாஸ் போன்றவை 160 கேட்கும்.

உரிமம் வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். ரோஸ்டோரில் பேட்ச் மோடு, மெமரி கிராண்ட் ஃபீட்பேக், அடாப்டிவ் ஜாயின், டி.ஓ.பி. ஃபீட்பேக் எல்லாம் எண்டர்பிரைஸ் எடிஷனில்தான். ஸ்டாண்டர்டில் டேபிள் வேரியபிள் திருத்தமும் ஸ்கேலார் இன்லைனிங்கும் உண்டு. ஸ்டாண்டர்டின் பஃபர் பூல் 128 ஜிபியோடு நின்றுவிடும். கோர் 24-ஐத் தாண்டாது. 512 ஜிபி மெமரியுள்ள மெஷினில் ஸ்டாண்டர்டைப் போட்டுவிட்டு மீதி மெமரி ஏன் பயன்படவில்லை என்று தேடுவது வீண்.

முதல் கட்டம்: பதிப்பு மட்டும் மாறட்டும்

இருக்கும் சர்வரின் மேலேயே ஏற்றுவதைவிடப் பக்கத்தில் புது சர்வரை அமைத்து ரீஸ்டோர் செய்வதே நல்லது. 2022-இல் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பில் ரீஸ்டோர் செய்யவே முடியாது. லெவல் 130-இல் இருந்தாலும் முடியாது. பழைய சர்வர் தொடாமல் இருந்தால்தான் முதல் நாளிலாவது திரும்பிப் போக வழி இருக்கும்.

நிறுவியதும் முதலில் கடைசியாக வந்த குமுலேட்டிவ் அப்டேட்டைப் போடுங்கள். பி.எஸ்.பி., க்வெரி ஸ்டோர், ஸ்கேலார் இன்லைனிங் மூன்றிலும் தொடக்கத்தில் இருந்த பிழைகளுக்கான திருத்தங்கள் இந்த அப்டேட்டுகள் வழியாகத்தான் வந்தன. முதல் வெளியீட்டை அப்படியே புரொடக்ஷனில் ஓட்டுவது தேவையில்லாத வம்பு.

டெம்ப்டிபிக்கு எட்டு கோர் வரை கோருக்கு ஒரு டேட்டா ஃபைல், அதற்கு மேல் எட்டில் தொடங்குங்கள். எல்லா ஃபைலும் ஒரே அளவில், ஒரே வளர்ச்சி அளவில் இருக்க வேண்டும். ஒன்று பெரிதாக இருந்தால் பெரும்பாலான ஒதுக்கீடு அதற்கே போய், பல ஃபைல் வைத்ததன் பயன் கெடும். 2022-இல், எந்த இடம் காலி என்று குறித்துவைக்கும் ஜிஏஎம், எஸ்ஜிஏஎம் பக்கங்களைப் பலர் ஒரே நேரத்தில் மாற்ற முடிகிறது என்பதால் பழைய பேஜ்லேட்ச் நெரிசல் நன்றாகவே குறையும். டெம்ப் டேபிள்களை விநாடிக்கு நூற்றுக்கணக்கில் உருவாக்கி அழிக்கும் அப்ளிகேஷன் என்றால் சிஸ்டம் டேபிள்களில் நெரிசல் மிஞ்சும். அப்போது மட்டும் 2019-இல் வந்த மெமரி ஆப்டிமைஸ்டு டெம்ப்டிபி மெட்டாடேட்டாவை இயக்குங்கள். அதற்கு சர்வீஸ் ரீஸ்டார்ட் வேண்டும்.

பழைய சர்வரின் ஸ்டார்ட்அப் பாராமீட்டர்களை அப்படியே நகலெடுக்காதீர்கள். என்ஜினின் நடத்தையை மாற்றும் ட்ரேஸ் ஃபிளாக்குகளில் 1117, 1118 இரண்டும் 2016-இலிருந்தே பயனற்றவை. 9481 இருந்தால் சர்வர் முழுக்கப் பழைய கார்டினாலிட்டி எஸ்டிமேட்டர்தான். 160-க்கு ஏற்றியும் புதியது வேலை செய்யாது. 4136 பாராமீட்டர் ஸ்னிஃபிங்கை (முதலில் வந்த மதிப்பைப் பார்த்துப் பிளான் போடுவதை) நிறுத்திவிடும், அதோடு பி.எஸ்.பி.யும் போய்விடும்.

ரீஸ்டோர் முடிந்ததும் பேஜ் வெரிஃபை 'செக்சம்' ஆக இருக்கிறதா என்று பார்த்து, 'டிபிசிசி செக்டிபி' ஓட்டி, முக்கியமான பெரிய டேபிள்களுக்கு ஃபுல்ஸ்கேன் கொண்டு ஸ்டாட்டிஸ்டிக்ஸை (தரவின் பரவலைச் சொல்லும் புள்ளிவிவரத்தை) புதுப்பியுங்கள். லாகின்களை எஸ்ஐடியோடு (அவற்றின் அடையாள எண்ணோடு) கொண்டுவரவில்லை என்றால் யூசர்கள் அனாதையாக நிற்பார்கள். ஜாப், லிங்க்டு சர்வர் போன்றவை டேட்டாபேஸ் பேக்கப்பில் வராது, தனியாகக் கொண்டுவர வேண்டும்.

அப்ளிகேஷன் பக்கம், சர்வரோடு இணைக்கும் ஓடிபிசி டிரைவரையும் 18-ஆம் பதிப்புக்கு மாற்றினால் கனெக்ஷன் சான்றிதழ் பிழையோடு நிற்கலாம். 18-இல் என்கிரிப்ஷன் இயல்பாகவே கட்டாயம். முறையான சான்றிதழை சர்வரில் போடுவதே தீர்வு. 'ட்ரஸ்ட் சர்வர் சர்டிஃபிகேட்'டை எஸ் என்று வைப்பது அவசரத்துக்கு உதவும், ஆனால் எதிர்முனையில் இருப்பது யார் என்று சரிபார்ப்பதையே அது கைவிட்டுவிடுகிறது. இந்தப் பிழையை டேட்டாபேஸ் மேம்படுத்தலின் தலையில் போடாமல் இருக்க, டிரைவரை வேறொரு நாளில் மாற்றுங்கள்.

இரண்டாம் கட்டம்: க்வெரி ஸ்டோரில் அடித்தளம்

2022-இல் புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸ்களில்தான் க்வெரி ஸ்டோர் தானாக இயங்கும். ரீஸ்டோர் செய்து வந்தவை பழைய செட்டிங்கோடே வரும். அதனால் நீங்களே இயக்க வேண்டும். எஸ்எஸ்எம்எஸ்ஸில் (சர்வரை நிர்வகிக்கும் மென்பொருள்) டேட்டாபேஸின் மேல் வலது க்ளிக், பிராப்பர்ட்டீஸ், க்வெரி ஸ்டோர் பக்கம். வைக்க வேண்டிய மதிப்புகள்: ஆபரேஷன் மோடு ரீட் ரைட், கேப்சர் மோடு ஆட்டோ, அதிகபட்ச அளவு குறைந்தது 1000 எம்பி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இடைவெளி 60 நிமிடம், பழைய தரவை வைத்திருக்கும் நாட்கள் 60, அளவு சார்ந்த க்ளீன்அப் ஆட்டோ.

இங்கே அதிகம் தவறுவது அளவில்தான். 2016, 2017 பதிப்புகளில் இயல்பான அளவு வெறும் 100 எம்பி, கேப்சர் மோடு ஆல். அந்த செட்டிங்கோடு வந்த டேட்டாபேஸ் இரண்டொரு நாளில் நிரம்பி, க்வெரி ஸ்டோர் சத்தமில்லாமல் ரீட் ஒன்லிக்குப் போய்விடும். பிராப்பர்ட்டீஸ் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்தால் இயங்குவது போலத்தான் தெரியும். 'சிஸ்.டேட்டாபேஸ்_க்வெரி_ஸ்டோர்_ஆப்ஷன்ஸ்' வியூவை எடுத்து விரும்பிய நிலையும் உண்மை நிலையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறுபட்டால் ரீட்ஒன்லி ரீசன் நெடுவரிசையைப் பாருங்கள். 65536 என்று இருந்தால் இடம் நிரம்பிவிட்டது. இந்தச் சரிபார்ப்பை ஒரு தினசரி ஜாப்பாகவே போட்டுவிடுங்கள். 160-இல் வரும் ஃபீட்பேக் வசதிகள் தாம் கற்றுக்கொண்டதை க்வெரி ஸ்டோரில்தான் எழுதிவைக்கின்றன. அது ரீட் ஒன்லிக்குப் போனால் அவையும் முடங்கும்.

அளவைக் கூட்டியும் நிரம்பிக்கொண்டே இருந்தால், அப்ளிகேஷன் மதிப்புகளை க்வெரிக்குள்ளேயே ஒட்டி அனுப்புகிறது என்று பொருள். வாடிக்கையாளர் எண் மாறும்போதெல்லாம் புதிய க்வெரியாகப் பதிவாகும். பாராமீட்டராக அனுப்பச் சொல்லித் திருத்துவதே நிரந்தர வழி. கோடைத் தொட முடியாவிட்டால் அந்த டேட்டாபேஸுக்கு ஃபோர்ஸ்டு பாராமீட்டரைசேஷனைச் சோதித்துப் பாருங்கள்.

பழைய சர்வர் 2016 அல்லது 2017 என்றால் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. க்வெரி ஸ்டோரின் தரவு அந்த டேட்டாபேஸுக்குள்ளேயே இருப்பதால் பேக்கப்போடு கூடவே வரும். மாறுவதற்கு ஒரு மாதம் முன்பே பழைய சர்வரில் இயக்கிவிடுங்கள். கடைசி பேக்கப்புக்குச் சற்று முன் 'எஸ்பி_க்வெரி_ஸ்டோர்_ஃப்ளஷ்_டிபி' ஓட்டினால் மெமரியில் இருப்பதும் டிஸ்க்குக்கு வந்துவிடும். நல்ல பிளான்கள் புது சர்வரில் கைவசம் இருக்கும். 2014-இல் க்வெரி ஸ்டோர் கிடையாது. அங்கிருந்து வருபவர்கள் புது சர்வரில் பழைய எண்ணிலேயே ஓட்டித்தான் சேர்க்க வேண்டும்.

எத்தனை நாள் சேர்ப்பது? ஒரு முழு வணிகச் சுழற்சி. மாதக் கடைசியில் சம்பளமும் கணக்கு முடிப்பும் ஓடும் என்றால் அந்த மாதக் கடைசி உள்ளே வந்தே ஆக வேண்டும். ஒரு வாரத் தரவோடு எண்ணை ஏற்றினால், மாதத்துக்கு ஒருமுறை ஓடும் க்வெரி படுக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே இருக்காது.

மூன்றாம் கட்டம்: எண்ணை ஏற்றுதல்

கட்டளை ஒரே வரிதான்: ஆல்டர் டேட்டாபேஸ், டேட்டாபேஸ் பெயர், செட் காம்பாட்டிபிலிட்டி_லெவல் = 160. ஆனால் அந்த டேட்டாபேஸின் பிளான் கேஷ் முழுவதும் அதோடு காலியாகும். எல்லா க்வெரியும் மீண்டும் கம்பைல் ஆவதால் சிபியு சற்று நேரம் ஏறும். கூட்டம் குறைந்த நேரத்தில் செய்யுங்கள், அதே சமயம் மறுநாள் காலை நெரிசலின்போது கவனிக்க ஆள் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு ஏற்றிவிட்டுப் போகும் வழக்கம் இங்கே உதவாது. திங்கள் இரவு சிறந்தது.

பல டேட்டாபேஸ்களைத் தொடும் க்வெரிகளில் எந்த எண் செல்லும்? க்வெரி எந்த டேட்டாபேஸின் சூழலில் ஓடுகிறதோ அதன் எண். ப்ரொசீஜர் என்றால் அது இருக்கும் டேட்டாபேஸின் எண். ரிப்போர்ட்டிங் டேட்டாபேஸ் 130-இல் இருந்துகொண்டு 160-இல் உள்ள டேபிளைப் படித்தால் பழைய நடத்தைதான்.

ஏற்றிய பிறகு எஸ்எஸ்எம்எஸ்ஸில் க்வெரி ஸ்டோர் கோப்புறைக்குள் 'ரிக்ரெஸ்டு க்வெரீஸ்' அறிக்கையைத் திறந்து, கான்ஃபிகர் பொத்தானில் இரண்டு காலங்களையும் நீங்களே குறியுங்கள்: சமீபத்தியது எண்ணை ஏற்றிய நேரத்திலிருந்து, பழையது அதற்கு முந்தைய வாரங்கள். அளவுகோலை டியூரேஷனில் வைக்காமல் சிபியு டைமில் வையுங்கள். டியூரேஷனில் பிளாக்கிங், டிஸ்க் தாமதம் எல்லாம் கலந்திருக்கும். பிளான் மாறியதால் வந்த கேடு சிபியுவிலும் லாஜிக்கல் ரீடிலும்தான் தெளிவாகத் தெரியும். கூட்டுத்தொகைப்படி வரிசைப்படுத்துங்கள். ஒரு முறைக்கு 3 மில்லிவிநாடியிலிருந்து 9-க்குப் போன க்வெரி நாளைக்கு இருபது லட்சம் முறை ஓடினால், 40 விநாடி எடுக்கும் ஒற்றை ரிப்போர்ட்டைவிட அதுதான் ஆபத்து.

மோசமான க்வெரியைத் தேர்ந்தெடுத்தால் வலப்பக்கம் அதன் பிளான்கள் வெவ்வேறு நிறப் புள்ளிகளாகத் தெரியும். பழைய பிளானையும் புதியதையும் தேர்ந்து 'கம்பேர்' கொடுங்கள். எங்கே எஸ்டிமேட் விலகுகிறது என்று பார்த்த பிறகே நல்ல பிளானை ஃபோர்ஸ் செய்யுங்கள் (அதையே பயன்படுத்தும்படி கட்டாயப்படுத்துங்கள்). ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பழையதாக இருந்ததுதான் காரணம் என்றால் புதுப்பித்தாலே போதும்.

ஃபோர்ஸ் தவிர இன்னொரு கருவி 2022-இல் வந்தது, இந்தப் பதிப்பின் மிக நடைமுறையான சேர்க்கை அதுதான்: க்வெரி ஸ்டோர் ஹிண்ட் (ஹிண்ட் என்பது ஆப்டிமைசருக்குத் தரும் குறிப்பு). 'சிஸ்.எஸ்பி_க்வெரி_ஸ்டோர்_செட்_ஹிண்ட்ஸ்' ப்ரொசீஜருக்கு க்வெரி எண்ணையும் ஆப்ஷன் கிளாஸையும் கொடுத்தால் அப்ளிகேஷன் கோடைத் தொடாமலே ஹிண்ட் ஒட்டிக்கொள்ளும். சர்வர் ரீஸ்டார்ட் ஆனாலும் நிற்கும். வெளியாள் எழுதிக்கொடுத்த, சோர்ஸ் கோடு கையில் இல்லாத மென்பொருளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஒரே ஒரு க்வெரியை மட்டும் பழைய நடத்தைக்கு அனுப்ப 'யூஸ் ஹிண்ட்' உள்ளே 'க்வெரி_ஆப்டிமைசர்_காம்பாட்டிபிலிட்டி_லெவல்_130' என்று கொடுங்கள். பிரச்சினை எஸ்டிமேட்டரில் மட்டும் என்றால் 'ஃபோர்ஸ்_லெகசி_கார்டினாலிட்டி_எஸ்டிமேஷன்'. பத்து க்வெரிக்காக டேட்டாபேஸ் முழுவதையும் 130-க்கு இறக்கத் தேவையில்லை. ஆனால் நோலாக் போன்ற டேபிள் ஹிண்ட்களை இந்த வழியில் தர முடியாது.

நிலைமை கைமீறினால் அதே கட்டளையில் பழைய எண்ணைக் கொடுத்து உடனே இறங்கலாம். இறங்கினால் சிக்கல் வருவது இந்தச் சூழலில்: யாரோ அதற்குள் 160 கேட்கும் சின்டாக்ஸில் ப்ரொசீஜர் எழுதி ஏற்றியிருந்தால். ஆகவே ஏற்றிய முதல் மாதத்தில் புது சின்டாக்ஸ் வேண்டாம் என்று டெவலப்பர்களிடம் சொல்லி வையுங்கள்.

பி.எஸ்.பி. எப்போது உதவும், எப்போது உதவாது

கிளை எண்ணைப் பாராமீட்டராக வாங்கும் ஒரு ப்ரொசீஜரை எடுத்துக்கொள்வோம். தலைமைக் கிளைக்கு 40 லட்சம் ரெக்கார்டு, கடைக்கோடிக் கிளைக்கு 200. சர்வர் ரீஸ்டார்ட் ஆனதும் முதலில் சின்னக் கிளைக்கு ஓடினால் இண்டெக்ஸ் சீக்கும் கீ லுக்அப்பும் கொண்ட பிளான் கேஷில் உட்காரும். அடுத்து தலைமைக் கிளைக்கு ஓடும்போது அதே பிளான் 40 லட்சம் முறை லுக்அப் செய்யும். 2022-இல் ஆப்டிமைசர் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, தரவு இப்படிக் கோணலாக இருந்தால் முதலில் ஒரு டிஸ்பாட்சர் பிளானை உருவாக்கும். வரும் மதிப்பு குறைவு, நடுத்தரம், அதிகம் என்ற மூன்று பிரிவில் எதில் விழுகிறதோ அதற்கான தனிப் பிளானுக்கு அது வழிகாட்டும்.

2022-இல் இது சமன் குறி போட்ட நிபந்தனைகளுக்குத்தான். தேதி வரம்பு கொடுத்துத் தேடும் க்வெரிக்கு உதவாது. ஆப்டிமைஸ் ஃபார் அன்நோன் இருந்தால் உதவாது. பாராமீட்டரை லோக்கல் வேரியபிளில் மாற்றிவைக்கும் பழைய உத்தி ப்ரொசீஜருக்குள் இருந்தாலும் உதவாது. முன்பு பாராமீட்டர் ஸ்னிஃபிங்கைத் தவிர்க்கப் போட்ட அந்த வரிகளை இப்போது எடுத்துவிட்டுச் சோதியுங்கள். இன்னொரு கவனம்: ஒவ்வொரு பிரிவும் க்வெரி ஸ்டோரில் தனி க்வெரி எண்ணோடு பதிவாகும். மொத்தச் செலவைக் கணக்கிடும் உங்கள் பழைய ஸ்கிரிப்ட் அவற்றைத் தனித்தனியாகக் காட்டி, க்வெரி மலிவாகிவிட்டது போலத் தோற்றம் தரும். 'சிஸ்.க்வெரி_ஸ்டோர்_க்வெரி_வேரியண்ட்' வியூவோடு இணைத்துத்தான் கூட்ட வேண்டும்.

மற்றவை சுருக்கமாக

ஸ்கேலார் ஃபங்ஷன்: 150-க்கு முன்பு ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் தனியாக ஓடும், அதோடு க்வெரியைப் பேரலலாகவும் ஓட விடாது. இப்போது க்வெரிக்குள்ளேயே விரிக்கப்படுகிறது. ஆனால் உள்ளே கெட்டேட் இருந்தால் விரியாது. 'சிஸ்.எஸ்கியூஎல்_மாட்யூல்ஸ்' வியூவில் ஈஸ்_இன்லைனபிள் நெடுவரிசை 1 காட்டும் ஃபங்ஷன்கள் எவை என்று எடுங்கள். கெட்டேட்டால் 0 ஆனவற்றில் தேதியைப் பாராமீட்டராக அனுப்பும்படி மாற்றுங்கள்.

டேபிள் வேரியபிள்: முன்பு எத்தனை ரெக்கார்டு இருந்தாலும் 1 என்றே எஸ்டிமேட். 150 முதல், முதல்முறை கம்பைல் ஆகும்போதுள்ள உண்மை எண்ணிக்கை. முதல்முறை 5, அடுத்தமுறை 5 லட்சம் என்று ஏறி இறங்கும் இடங்களில் டெம்ப் டேபிளே இன்னும் பாதுகாப்பு.

டி.ஓ.பி. ஃபீட்பேக் 2022-இல் இயல்பாக அணைந்திருக்கும். டேட்டாபேஸ் ஸ்கோப்டு கான்ஃபிகரேஷனில் டிஓபி_ஃபீட்பேக்கை ஆன் செய்ய வேண்டும். தேவைக்கு மேல் பேரலலாக ஓடும் க்வெரிகளின் அளவைப் படிப்படியாகக் குறைக்கும். 2-க்குக் கீழே கொண்டுபோகாது. காஸ்ட் த்ரெஷோல்டு (க்வெரியைப் பேரலலாக ஓட்டத் தேவையான மதிப்பீட்டுச் செலவின் வரம்பு) இன்னும் 5-இலேயே இருந்தால் முதலில் அதை 30 அல்லது 50-க்கு உயர்த்திவிட்டு இதற்கு வாருங்கள்.

ஆக்ஸிலரேட்டட் டேட்டாபேஸ் ரெக்கவரியை இயக்கினால் மணிக்கணக்கில் ஓடிய டிரான்சாக்ஷனின் ரோல்பேக் விநாடிகளில் முடியும். இயக்கும் நேரத்தில் அந்த டேட்டாபேஸில் வேறு யாரும் இருக்கக் கூடாது. பழைய வெர்ஷன்கள் அதே டேட்டாபேஸுக்குள் சேமிக்கப்படுவதால், யாரோ திறந்துவிட்டு மூடாத டிரான்சாக்ஷன் ஒன்று இருந்தால் டேட்டா ஃபைல் வீங்கும். 'சிஸ்.டிஎம்_ட்ரான்_பெர்சிஸ்டெண்ட்_வெர்ஷன்_ஸ்டோர்_ஸ்டாட்ஸ்' வியூவில் அளவைப் பார்த்து எச்சரிக்கை போடுங்கள்.

ஃபோர்ஸ் செய்த பிளான்களைப் பராமரித்தல்

ஃபோர்ஸ் செய்த பிளானும் ஒட்டிய ஹிண்ட்டும் யாராவது எடுக்கும்வரை அங்கேயே இருக்கும். தரவு வளர்ந்த பிறகு அந்தப் பழைய பிளானே சுமையாக மாறலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'க்வெரீஸ் வித் ஃபோர்ஸ்டு பிளான்ஸ்' அறிக்கையைத் திறந்து ஒவ்வொன்றையும் அன்ஃபோர்ஸ் செய்து சோதியுங்கள். 'சிஸ்.க்வெரி_ஸ்டோர்_பிளான்' வியூவில் ஃபோர்ஸ்_ஃபெயிலியர்_கவுண்ட் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் ஃபோர்ஸ் பலிக்கவில்லை. காரணம் நோ_இண்டெக்ஸ் என்று இருந்தால் அந்தப் பிளான் நம்பியிருந்த இண்டெக்ஸை யாரோ நீக்கியிருக்கிறார்கள் அல்லது பெயர் மாற்றியிருக்கிறார்கள். க்வெரி பிழை காட்டாது, வேறு பிளானில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே "பயன்படாத இண்டெக்ஸ்" பட்டியலை வைத்து எதையாவது நீக்கும் முன், ஃபோர்ஸ் செய்த பிளான்களின் எக்ஸ்எம்எல்லில் அந்த இண்டெக்ஸ் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு நீக்குங்கள்.